பச்சை டிக் பொய் சொல்லுமா?

நீச்சல் டீச்சரின் கழுத்தில் விசில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் அதைத் தொடவே இல்லை. குளத்தின் அந்தக் கோடியில் சிறுசுகள் வரிசை கலைந்து ஒருத்தன் தலைமேல் ஒருத்தன் ஏறிக்கொண்டிருக்க, இவள் ஓரமாக ஓடிப்போய்ப் படபடவென்று கை தட்டினாள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மற்றவர்களுக்குக் கேட்கவே இல்லை.

"விசிலை என்ன அழகுக்கா மாட்டியிருக்காங்க? ஊதித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றேன்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஆபீசில் என் பெயரே வாயாடி.

கர்னல் முழங்கையால் இடித்தார். "கழுத்தைப் பாரு."

பார்த்தேன். விசில் கயிற்றுக்கு நடுவே, தொண்டைக்குழியில், சின்னதாக ஒரு வெள்ளைத் துணி. மூச்சுக்கு மூச்சு அது உள்ளே போய் வெளியே வந்தது. துணிக்குப் பின்னால் துளை. குரல்வளையை அடியோடு எடுத்துவிட்டார்கள். மூச்சு இப்போது அந்தத் துளை வழியாகத்தான். வாயில் காற்றே வராதவள் விசிலை எப்படி ஊதுவாள்? தண்ணீரில் இறங்கவும் முடியாது, துளைக்குள் தண்ணீர் போனால் ஆள் காலி. நீச்சல் டீச்சர் கரையிலேயே நின்றுகொண்டிருந்தாள். என் நாக்கை நானே பிடுங்கிப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

கர்னல் என்றதும் மீசையையும் துப்பாக்கியையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். மனுஷன் பட்டாளத்துப் பக்கமே போனதில்லை. பல்லி விழுந்தால் நாற்காலிமேல் ஏறுகிற ரகம். கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் கெர்னல் என்று ஒன்று இருக்கிறது. எந்தச் செயலியும் டிஸ்க்கில் தன் கையால் எதையும் எழுத முடியாது. 'இதை எழுதி வை' என்று கெர்னலிடம் கொடுக்க வேண்டும், அதுதான் எழுதும். கொடுத்தது ஒன்று, டிஸ்க்கில் இருப்பது வேறொன்று என்று ஆகிவிட்டால் எங்களைக் கூப்பிடுவார்கள். கெர்னலோடு மல்லுக்கட்டியே தலை நரைத்ததால் அவர் கர்னல். பெயர் வைத்தது யார் என்று கேட்காதீர்கள்.

டீச்சர் எங்களைப் பார்த்ததும் வந்தாள். பையிலிருந்து போனை எடுத்து, மளமளவென்று எழுதி, முகத்துக்கு நேரே நீட்டினாள்.

'என் தம்பி உங்களுக்கு எழுதினான் இல்லையா? அவன் திருடன் இல்ல. அதை முதல்ல நிரூபிங்க.'

"திருட்டா? காணாம போனது என்ன?" என்றார் கர்னல்.

'என் குரல்.'

அவள் எழுத எழுத நாங்கள் படித்தோம். ஆபரேஷன் தேதி குறித்ததும், தம்பி தினமும் வீட்டுக்கே வந்து அவள் குரலைப் பதிவு செய்தான். அவன் ஒலிப்பதிவுக்காரன். சாப்பிட வா, தூங்கு, ஓடாதே, இங்கே பார் என்று வீட்டில் ஒருத்தி பேசுகிற வாக்கியமெல்லாம். பின்னால் போனில் ஒரு பட்டனை அழுத்தினால் அவள் குரலிலேயே பேசும் என்று ஏற்பாடு. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் திரையில் பச்சை டிக் விழுந்தது. ஆபரேஷன் முடிந்து வந்து திறந்தால், எல்லாக் கோப்பும் ஊமை.

'ஒவ்வொண்ணோட கடைசியிலயும் தம்பி குரல் மட்டும் இருக்கு. அதான் என் வீட்டுக்காரர் அவனைச் சந்தேகப்படறார். தம்பி இப்போ எங்க வீட்டுப் பக்கமே வர்றதில்ல.'

"வேற எதிலயும் உங்க குரல் இல்லையா? போன் வீடியோ?"

'எல்லாம் குளத்துல எடுத்தது. ஒரே கூச்சல். என் விசில் சத்தம்தான் நல்லா கேட்குது.'

அவள் மறுபடி எழுதினாள்.

'என் குரல் திரும்பக் கிடைக்குமா?'

"யார் எடுத்தாங்கன்னு கண்டுபிடிச்சுடுவேன். எடுத்தது திரும்பி வருமான்னு இப்போ சத்தியம் பண்ண மாட்டேன் டீச்சர்."

இந்த மனுஷனுக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்ல வருமா? வராது. நான் முறைத்தேன்.

டீச்சர் கொஞ்ச நேரம் குளத்தைப் பார்த்தாள். பிறகு எழுதியதைக் காட்டினாள்: 'என் பொண்ணுக்குப் படிக்கத் தெரியாது.'

எனக்குப் புரியவில்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

'ரொம்பச் சின்னவ. இன்னும் எழுத்தே தெரியாது. நான் எழுதிக் காட்டற எதுவும் அவளுக்குப் புரியாது. உங்ககிட்ட இப்படிப் பேசறேன். அவகிட்ட எப்படிப் பேசுவேன்?'

அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. எனக்கு அடைப்பது திறந்துகொள்ளும், அவளுக்கு அப்படி இல்லையே என்று நினைத்ததும் இன்னும் அடைத்தது.

* * *

தம்பியின் ஒலிப்பதிவுக் கூடம் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. சுவரெல்லாம் பஞ்சு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் நம் மூச்சே நமக்குக் கேட்கிறது. அவனுக்கு முகத்தில் தாடியும் கண்ணில் தூக்கமின்மையும்.

"போடுங்க தம்பி, கேட்போம்" என்றார் கர்னல்.

ஒரு கோப்பை ஓட விட்டான். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. திடீரென்று, "சூப்பர்க்கா, அடுத்தது!" என்று அவன் குரல்.

அடுத்த கோப்பு. ஒன்றுமில்லை. "சூப்பர்க்கா, அடுத்தது!"

"என் குரலைக் கேட்டா எனக்கே பத்திக்கிட்டு வருது" என்றான் அவன்.

"அடுத்தவங்க குரலை அழிக்கிறவன் தன் குரலை விட்டுட்டா போவான்? வீட்டைக் கொள்ளையடிச்சுட்டு, கூடத்துல தன் போட்டோவை மாட்டிட்டுப் போன மாதிரியில்ல இருக்கு?" என்றேன்.

"அதைத்தாங்க நானும் சொல்றேன்! மாமா காதுலயே வாங்கல."

கர்னல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "பதிவு பண்ணின பெட்டி எங்க இருந்தது?"

"அக்கா ரூம்ல, அலமாரிக்குள்ள. மாமா கட்டிக் கொடுத்த கம்ப்யூட்டர். அதோட ஃபேன் சத்தம் மைக்ல விழுந்துச்சு. அதனால..." கொஞ்சம் தயங்கினான். "அதுமேல மெத்தைப் போர்வையைப் போட்டு மூடிட்டேன்."

"மூடினா சூடாகாதா?"

"ஆகும். ஆனா எங்க தொழில்ல சத்தம்தான் சார் முதல் எதிரி. மின்விசிறியை நிறுத்துவோம், ஃபிரிட்ஜை அணைப்போம். வேர்த்துக் கொட்டும், கவலைப்பட மாட்டோம். அதுவுமில்லாம, ஏதாவது தப்பாச்சுன்னா திரையில சிவப்பு வந்துடுமே! ஒரு வாக்கியம் முடிஞ்சதும் என் செயலி கெர்னலைக் கேட்கும், 'டிஸ்க்குல ஏறிடுச்சா?'ன்னு. ஏறிடுச்சுன்னா பச்சை, ஏறலைன்னா சிவப்பு."

"ஒரு தடவையாவது சிவப்பு?"

"ஒண்ணுகூட இல்ல. எல்லாம் பச்சை. அக்கா ஒவ்வொரு டிக்குக்கும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவா." அவன் கண் கலங்கிவிட்டது. "அவளுக்கு அப்பவே பேசறது வலி சார். கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடிச்சுக் குடிச்சுப் பேசினா. ஆபரேஷனுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் செஞ்ச செயற்கைக் குரலையும் போட்டுப் பார்த்தோம். யாரோ பொம்பளை டெலிபோன்ல பேசற மாதிரி இருந்துச்சு. பாப்பா பயந்துபோய் மேசைக்கடியில ஒளிஞ்சுக்கிச்சு."

கர்னல் கைக்குட்டையை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"உங்க மாமா மேல கோபமா?" என்று நான்தான் கேட்டேன்.

"பின்ன இருக்காதா? குரலைத் தொலைச்சவன் நானாம். ஆரம்பத்துல அக்கா, 'விழுங்கும்போது வலிக்குதுங்க'ன்னு ஒரே ஒரு தடவை அவர்கிட்ட சொன்னா. அவர் ஏதோ ஆபீஸ் போன்ல இருந்தார், காதுல விழவே இல்ல. அப்புறம் அவரே வந்து 'என்ன, குரல் கம்முதே?'ன்னு கேட்டப்போ, இவ 'ஒண்ணுமில்ல'ன்னுட்டா. அவ குணமே அதுதான். ரெண்டாவது தடவை வாயைத் திறக்க மாட்டா."

கர்னல் சட்டென்று நிமிர்ந்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து, உடனே அணைந்தது. சிரித்தால் துப்புக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம். அணைந்ததற்கு அர்த்தம் எனக்குத் தெரியவில்லை.

"கிளம்பு வாயாடி. தம்பி, நீங்களும் வாங்க."

"நான் அந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

"ஏற வேண்டாம். தெருவுல நில்லுங்க, போதும்."

காரில் போகும்போது தம்பி பின்சீட்டில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். நான் முன்சீட்டில் பொறுக்க முடியாமல் நெளிந்தேன்.

"சார், மென்னு முழுங்காம சொல்லுங்க. பச்சை டிக் பொய் சொல்லுமா?"

"டிக் பொய் சொல்லல. கெர்னல் சொன்னதைத்தான் அது காட்டிச்சு."

"அப்போ கெர்னல் பொய் சொல்லிச்சா?"

"அதுவும் முழுப் பொய் இல்ல. உண்மையை வேற யார்கிட்டயோ சொல்லிட்டு வந்திருக்கு." அவர் சிக்னலில் வண்டியை நிறுத்தினார். "இந்தக் கெர்னல்ல ஒரு பழைய பழக்கம் இருக்கு. டிஸ்க்குல எழுத முடியலைன்னு வச்சுக்கோ. முதல்ல யார் வந்து கேட்கிறாங்களோ, அவங்ககிட்ட 'முடியல'ன்னு சொல்லும். சொன்னதும் தன் கடமை முடிஞ்சுதுன்னு அந்தக் குறிப்பைத் துடைச்சுடும். அடுத்தவங்க வந்து கேட்டா, 'எல்லாம் சரி'ன்னுடும்."

"அடப்பாவி! ஒரே தடவைதானா?"

"ஒரே தடவை, ஒரே ஒருத்தர்கிட்ட. கெர்னலை எழுதினவர் நல்ல எண்ணத்துலதான் எழுதினார். ஒருத்தருக்குச் சொல்லியாச்சே, எல்லாரையும் எதுக்குப் பயமுறுத்தணும்னு."

"அப்போ தம்பியோட செயலி கேட்டது ரெண்டாவது தடவை."

"ஆங். இப்போ கேள்வி ஒண்ணே ஒண்ணு. முதல்ல கேட்டது யார்?"

* * *

டீச்சரின் கணவர் கதவைத் திறந்தார். சட்டைப் பித்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். பெரிய கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கிற உத்தியோகம். வீட்டில் எல்லா வயரும் ஒழுங்காகச் சுருட்டி, லேபிள் ஒட்டி இருந்தது. சமையலறைப் பக்கம்தான் பாத்திரங்கள் குவிந்து கிடந்தன.

"வாங்க. அவன் அழிச்சதைக் கையோட காட்டிக் கொடுங்க, எனக்கு அது போதும்" என்றார்.

"அவர் எதுக்கு அழிக்கணும்?"

"எனக்கென்ன தெரியும்? அலட்சியமா கை பட்டிருக்கும், மறைக்கிறான். அவன் குரல் மட்டும் பத்திரமா இருக்கு, அவ குரல் இல்ல. இதுக்கு நீங்க வேற காரணம் சொல்லுங்க பார்ப்போம்!" குரல் உடைந்து போய்விட்டது அவருக்கு. கெட்டவர் இல்லை. துக்கத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்க இடம் தேடுகிறவர்.

மேசைக்கடியில் இரண்டு கண்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன. பாப்பா. நான் கண்ணைச் சிமிட்டினேன். அது திரும்பச் சிமிட்டவில்லை.

டீச்சரின் அறையில் கர்னல் அலமாரியைத் திறந்து, பெட்டியைப் பார்த்து, மெத்தைப் போர்வையை அதன்மேல் போட்டு மூடினார். மைக்கை இழுத்து என் முன்னால் வைத்தார்.

"உன் வாய்க்கு இன்னிக்குத்தான் வேலை. படி."

"எதை?"

டீச்சர் தன் போனை நீட்டினாள். பதிவின்போது அவள் பேசிய அதே வாக்கியங்கள். பெட்டி நன்றாகச் சூடாகட்டும் என்று காத்திருந்தோம். பிறகு ஆரம்பித்தேன்.

"குட்டி, எழுந்திரு, நேரமாச்சு பாரு. இன்னும் என்ன தூக்கம், சூரியன் வந்து ஜன்னல்ல எட்டிப் பார்க்குது."

"சூப்பர், அடுத்தது" என்றார் கர்னல், தம்பி மாதிரியே. பச்சை டிக்.

"பல் தேய்ச்சாச்சா? எங்கே, ஈ காட்டு. பின்னாடி பல்லு யார் தேய்ப்பா, பக்கத்து வீட்டுக்காரங்களா?"

பச்சை டிக்.

"வா, வந்து அம்மா மடியில படுத்துக்கோ. இருட்டுல ஒண்ணுமில்ல. அம்மா இருக்கேன்ல?"

வாசலில் ஏதோ அசைந்தது. பாப்பா வந்து நின்றிருந்தது. என்னைப் பார்த்தது. அம்மாவின் வாயைப் பார்த்தது. மறுபடி என்னைப் பார்த்தது. பிறகு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டது. டீச்சர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்படி ஒரு வேலை எனக்குத் தேவையா என்று கர்னலை அடித்துப்போடலாம் போலக் கோபம் வந்தது.

அவர் கோப்பை ஓட விட்டார். நான் பேசிய ஒரு வார்த்தை இல்லை. கடைசியில் மட்டும், "சூப்பர், அடுத்தது!"

எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தினது நானில்லையா?

"பார்த்தீங்களா!" கணவர் துள்ளி எழுந்தார். "போர்வை! அவன்தானே மூடினான்! அதனாலதான் எல்லாம் போச்சு!"

"போர்வை டிஸ்க்கை மயக்கம் போட வச்சது. ஒத்துக்கறேன்" என்றார் கர்னல். "சூட்டுல அதுக்குப் பெரிய மூட்டையைத் தூக்க முடியல, கீழ போட்டுடுச்சு. அது டீச்சர் பேசின வாக்கியம். கடைசியில 'சூப்பர்'னு வந்த சின்னப் பொட்டலத்தை வாங்கிக்கிச்சு. தம்பி குரல் பிழைச்ச ரகசியம் அவ்வளவுதான். ஆனா, கீழ போட்டதும் டிஸ்க் 'முடியல'ன்னு சொல்லிச்சே, அது எங்க போச்சு? முதல் வாக்கியத்துலயே சிவப்பு வந்திருந்தா, போர்வையை எடுத்துட்டு மறுபடி பேசியிருப்பாங்க. டீச்சருக்கு அப்போ குரல் இருந்தது."

கணவர் டீச்சரின் பக்கம் திரும்பினார்.

கர்னல் திரையைத் தட்டினார். "இந்தப் பெட்டியில ரெக்கார்டிங் செயலியைத் தவிர இன்னொருத்தர் அதே கோப்புகளைத் தொடறார். பேரு 'காவலாளி'. யார் சார் இவர்?"

"அதுவா? அதை விடுங்க. அது பாதுகாப்புக்கு. நான் எழுதினது."

"என்ன பண்ணும்?"

"அவ கோப்பை எல்லாம் விடாம போய்ப் போய்க் கேட்கும். 'டிஸ்க்குல ஏறிடுச்சா, ஏறிடுச்சா'ன்னு. கரண்ட் போனாலும் ஒரு வார்த்தைகூடத் தொலையக் கூடாதுன்னு..." பேசப்பேச அவர் குரல் தேய்ந்தது. உத்தியோகமே கம்ப்யூட்டர்தானே. அவருக்கு எங்களுக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது.

"கெர்னல் 'இல்ல, ஏறல'ன்னு சொன்னா, காவலாளி என்ன செய்வான்?"

கணவர் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"சார்?"

"மணி அடிக்கும்."

"அடிச்சுதா?"

"ரெக்கார்டிங் நடுவுல மணி அடிச்சா அவ பேசினது கெட்டுடும்னு..." அவர் முகத்தில் ஈயாடவில்லை. "மணியை நான் நிறுத்தி வச்சிருந்தேன்."

கர்னல் காவலாளியை நிறுத்தினார். எனக்குத் தலையாட்டினார். நான் முதல் வாக்கியத்தை மறுபடி படித்தேன். 'குட்டி, எழுந்திரு, நேரமாச்சு பாரு.' என் குரல் எனக்கே கேட்கவில்லை.

திரையில் சிவப்பு. பளிச்சென்று, யாருக்கும் தெரியும்படி.

கணவர் அப்படியே அலமாரிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். போர்வையின் நுனியைப் பிடித்துக்கொண்டார். "என்கிட்ட சொல்லியிருக்கு. முதல் தடவை என்கிட்டதான் சொல்லியிருக்கு. நான் கேட்கலை" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கம்ப்யூட்டரைச் சொல்கிறாரா, வேறு எதையாவது சொல்கிறாரா என்று நான் கேட்கவில்லை.

வழக்கமாக இந்த இடத்தில் நான் ஏதாவது கிண்டலடித்து நிலைமையைச் சரிக்கட்டுவேன். அன்றைக்கு ஒரு கிண்டலும் வாயில் வரவில்லை.

டீச்சர் அவர் தோளைத் தொட்டாள். பிறகு ஜன்னலைக் காட்டினாள். கீழே, எதிர் வரிசைச் சுவரில் சாய்ந்துகொண்டு தம்பி நின்றிருந்தான்.

கணவர் எழுந்து ஜன்னலுக்குப் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே குனிந்தார்.

"மச்சான்," என்றார், "மேல வாடா."

* * *

தம்பி வந்தான். யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. டீச்சர் அவன் தாடியைப் பிடித்து இழுத்து முகம் சுளித்தாள். அவன் சிரிக்கப் போய் அழுதுவிட்டான்.

கர்னல் கூடத்து மேசையில் மடிக்கணினியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் கெர்னலில் மாற்றுவது பெரிய விஷயம் ஒன்றுமில்லை: கேட்க வருகிற ஒவ்வொருவருக்கும் அது 'முடியல' என்பதைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும், ஒருத்தரிடம் சொன்னதும் துடைத்துவிடக் கூடாது. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தத்துக்குக் கீழே, பிழையைச் சொன்னவர் பெயர் ஒரு வரி, சோதித்தவர் பெயர் ஒரு வரி போட வேண்டும். சொன்னவர் என்று தம்பியின் பெயரைப் போட்டார். சோதித்தவர் வரியில் என் பெயர்.

"என் பேரை எங்க போடுவீங்க?" என்றார் கணவர்.

"குற்றவாளின்னு ஒரு வரி எங்க வழக்கத்துல கிடையாது சார்" என்றார் கர்னல், தலை நிமிராமல்.

"இனிமே யாருக்கும் இப்படி ஆகாதுல்ல?"

"ஆகாது."

"அவளுக்கு?"

கர்னலின் விரல்கள் நின்றன. "கீழ விழுந்தது விழுந்ததுதான். டிஸ்க்குக்கே போய்ச் சேரலையே, எங்க போய்த் தோண்ட? ஆனா ஒண்ணு." அவர் தம்பியிடம் திரும்பினார். "தினமும் பெட்டி சூடாகறதுக்கு முன்னாடி ஏதாவது பதிவு பண்ணினீங்களா?"

தம்பி கண்ணை மூடி யோசித்தான். சடாரென்று திறந்தான். "மைக் சரிபார்க்க! தினமும் முதல்ல, 'ஏதாவது பேசுக்கா'ன்னு சொல்வேன். அது தனியா, சோதனைன்னு ஒரு இடத்துக்குப் போகும். குப்பைன்னு நினைச்சு நாங்க யாரும் திறந்தே பார்க்கல!"

"திறங்க!"

எல்லோரும் டீச்சரின் அறைக்கு ஓடி, முண்டியடித்துக்கொண்டு பெட்டியின் திரை முன்னால் நின்றோம். கணவர் டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டார். கோப்புகள் இருந்தன. ஊமையில்லை, நிறைய சத்தம் இருந்தது. நான் கர்னலின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். மனுஷன் கோபித்துக்கொள்ளவில்லை.

தம்பி முதலாவதை ஓட விட்டான்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

அப்படி ஒரு குரல். தண்ணீர் வழியாக வருகிற மாதிரி குளிர்ச்சியாக, கடைசி வார்த்தையில் ஒரு சின்னச் சிரிப்போடு. டீச்சர் தன் கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்தது போடு" என்றார் கணவர்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

"அடுத்தது."

"எனக்கு ஒண்ணுமில்ல..."

தம்பி கையை எடுத்துவிட்டான். "ஏதாவது பேசுக்கான்னா அவ எப்பவும் இதைத்தான்... எனக்கு ஞாபகமே இல்ல மாமா."

நாளுக்கு ஒன்று. எல்லாம் அதே வாக்கியம். ஒவ்வொன்றிலும் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கம்மிக்கொண்டே வந்தது. கடைசிக் கோப்பில் பாதிக்கு மேல் வெறும் காற்று. அப்போதும் ஒண்ணுமில்லையாம், நல்லாத்தான் இருக்காளாம். கணவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, "முதல்ல சொன்னப்போ நான் கேட்டிருக்கணும்டி" என்று குலுங்கினார்.

தடதடவென்று ஓடிவரும் சத்தம். பாப்பா! மேசைக்கடியிலிருந்து கிளம்பி நேராக அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டது. "அம்மா பேசறா! அம்மா பேசறா!"

டீச்சர் அதை வாரி மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். பாப்பா அம்மாவின் உதட்டைப் பார்த்தது, விரலால் தொட்டது.

"இன்னொண்ணு சொல்லும்மா. வேற."

அறையில் இருந்த அத்தனை பெரிய மனிதர்களும் தலையைக் குனிந்துகொண்டோம். வேறு இல்லையே.

டீச்சர் கையை நீட்டி, முதல் கோப்பை, நல்ல குரலில் இருந்ததை, மறுபடி அழுத்தினாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

பாப்பா அம்மாவின் முகத்தையே உற்றுப் பார்த்தது. கன்னத்தைத் துடைத்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றே, அப்புறம் ஏன்மா அழறே?"

டீச்சர் பழக்கத்தில் போனை எடுத்துப் பதில் எழுத ஆரம்பித்தாள். இரண்டு வார்த்தை எழுதியிருப்பாள். நிறுத்தினாள். பாப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டாள்.